பாக்கியைக் கேளுங்கள்! ஆளை அனுப்பாதீர்கள்!



நமது சமுதாயத்தில் பெரும்பகுதியினர் வியாபாரத்தை நம்பி வாழ்பவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் தொழிலானாலும் சரி, சென்னை மண்ணடியின் இரும்புக் கடையானாலும் சரி, சிற்றூரின் கடைத்தெருவில் உள்ள மொத்த வியாபாரமானாலும் சரி, எல்லோர் வாயிலும் ஒரே புலம்பல்தான் கேட்கிறது: "பாக்கி நிற்கிறது!" சரக்கு போய்விட்டது. பில்லும் போய்விட்டது. பணம் மட்டும் வரவில்லை. 30 நாள் என்று பேசியது 60 நாளாகிறது. 60 நாள் 6 மாதமாகிறது. போன் செய்தால், "அடுத்த வாரம் பார்க்கலாம் பாய்" என்ற பதில்தான் வருகிறது.

இந்த நிலையில் நம்மவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே நொந்து, கடைசியில் கடையையே மூடுகிறார்கள். வேறு சிலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் ஆத்திரம் தலைக்கேறி, ஊர்ப் பிரமுகரிடமோ, கட்சிக்காரரிடமோ, இயக்க அலுவலகத்திலோ போய் நின்று, "நாலு பையன்களை அனுப்புங்கள், வசூலித்துவிடலாம்" என்கிறார்கள்.

இரண்டுமே தவறு. முதலாவது வியாபாரியை அழிக்கிறது. இரண்டாவது வியாபாரியோடு சேர்த்து இளைஞனையும், அவனோடு சேர்த்துச் சமுதாயத்தின் பெயரையும் அழிக்கிறது. இவை இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. எழுதி வைத்து, நேராகக் கேட்டு, தேவைப்பட்டால் சட்டத்தின் வாசலைத் தட்டி வாங்கும் வழி அது. அந்த வழியை நம்மவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?

ஒரு லட்சம் போனால் போவது எவ்வளவு?

முதலில் கணக்கைப் பாருங்கள். 95,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 1,00,000 ரூபாய்க்குக் கடனாக விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள சரக்கு. கொள்முதலின்போது வரியோடு சேர்த்து 1,12,100 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். விற்ற பில்லுக்கு வரி 18,000. ஏற்கெனவே கட்டிய 17,100ஐக் கழித்துக்கொண்டு மீதி 900 ரூபாயை அரசுக்குக் கட்டுவீர்கள். ஆக, உங்கள் கையை விட்டுப் போனது 1,13,000 ரூபாய்.

வாங்கியவர் பணம் தரவில்லை. இப்போது என்ன ஆகும்? லட்சத்துக்கு 5,000 ரூபாய் லாபம் பார்க்கும் நீங்கள், இந்த 1,13,000 ரூபாயை மீட்க 22 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்குப் புதிதாகச் சரக்கு விற்க வேண்டும். அதில் வரும் லாபம் முழுவதும் அந்த ஓட்டையை அடைக்கவே சரியாக இருக்கும். கடை வாடகையும் ஆள் சம்பளமும் இதில் சேரவில்லை!

கைக்கு வராத பணத்துக்கும் வரி கட்டுகிறோம் என்பதையும் கவனியுங்கள். 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. முறையில், பில் போட்டவுடன் வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. பணம் வந்ததா என்று அரசு கேட்பதில்லை. பணம் வராமலே போனாலும் கட்டிய வரி திரும்புவதில்லை.

இதோடு முடிகிறதா? இல்லை. உங்களுக்குப் பணம் வராவிட்டாலும், உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அவருக்குக் கொடுக்க எங்கே போவீர்கள்? வங்கி தராது. உறவினரிடம் கைமாற்று ஒரு முறை கிடைக்கும், இரண்டாம் முறை கிடைக்காது. அப்போதுதான் கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். கந்துவட்டி, நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே இவற்றைத் தடை செய்து தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஆனாலும் கடைத்தெருவில் அவன் இன்னும் இருக்கிறான். வட்டி ஹராம் என்று நன்றாகத் தெரிந்த வியாபாரிகூட, தனக்கு வரவேண்டிய ஹலாலான பணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு, ஹராமான பணத்தை வாங்கத் துணிகிறார் என்றால், இது எவ்வளவு பெரிய அவலம்!

கேட்பதில் என்ன கூச்சம்?

"தெரிந்தவர்தானே, எப்படிக் கேட்பது?" "பெரிய மனிதர், கேட்டால் கோபித்துக்கொள்வார்." "கேட்டால் அடுத்த ஆர்டர் தரமாட்டார்." இவையெல்லாம் நாம் சொல்லும் சமாதானங்கள். அடுத்த ஆர்டர் எதற்கு? பழைய பாக்கியோடு புதுப் பாக்கியையும் சேர்ப்பதற்கா?

நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் வந்து தமக்கு வரவேண்டிய கடனைக் கடுமையான வார்த்தைகளால் கேட்டார். நபித்தோழர்கள் அவர் மீது பாய முனைந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேசும் உரிமை உண்டு என்று கூறி, அவர் கொடுத்த ஒட்டகத்தைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. அல்லாஹ்வின் தூதரிடமே கடனைக் கேட்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது என்றால், உங்கள் வாடிக்கையாளரிடம் கேட்பதில் என்ன கூச்சம்?

அதே வேளையில், கடன்காரர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். கொடுக்க முடியாதவர் ஒரு வகை. கொடுக்க முடிந்தும் இழுத்தடிப்பவர் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 280ஆம் வசனம். விட்டுக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்றும் சொல்கிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பவரின் செயலையோ நபிமொழி அநியாயம் என்றே அழைக்கிறது. இந்த இருவரையும் பிரித்தறிவதுதான் வசூலின் முதல் பாடம். முடியாதவரை விரட்டுவதும் பாவம். முடிந்தவருக்குப் பயந்து அடங்கிப் போவதும் அறிவீனம்!

பையன்களை அனுப்பினால் என்ன ஆகும்?

இளைஞர்களே! இந்தப் பகுதியை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

"சும்மா கூட வாருங்கள் தம்பி, கடை வாசலில் நின்றால் போதும்" என்றுதான் உங்களை அழைப்பார்கள். நீங்களும் அநியாயத்தைத் தட்டிக் கேட்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் போவீர்கள். அங்கே வார்த்தை தடிக்கும். யாரோ ஒருவன் சட்டையைப் பிடிப்பான். யாரோ ஒருவன் ஷட்டரை இழுப்பான். அடுத்த அரை மணி நேரத்தில் பணம் தரவேண்டியவர் புகார்தாரர் ஆகிவிடுவார். பணம் வரவேண்டியவர் குற்றவாளி ஆகிவிடுவார்!

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. 351ஆம் பிரிவு மிரட்டலுக்கே தண்டனை தருகிறது. "நியாயமான பாக்கியைத்தானே கேட்டோம்" என்று நீங்கள் சொல்லலாம். அதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும்வரை வழக்கு உங்கள் தலைக்கு மேல் தொங்கும். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்க 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போய்க் குடும்பத்தைக் கரையேற்றலாம் என்று காத்திருக்கும் பையன், யாரோ ஒருவருடைய பில்லுக்காகத் தன் எதிர்காலத்தைக் கொடுத்துவிட்டு நிற்பான். அழைத்துப் போன வியாபாரி அப்போது ஜாமீனுக்கு வருவாரா?

இன்னொன்றையும் யோசியுங்கள். நம்மிடம் சரக்கு வாங்குபவர்கள் எல்லா மதத்தவரும்தான். பாக்கிக்காரர் வேறு மதத்தவராக இருந்து, வாசலில் தொப்பியும் தாடியுமாகப் பத்துப் பேர் நின்றால், அது வியாபாரத் தகராறாக நிற்குமா? ஊரில் பகைமூட்டக் காத்திருப்பவர்களுக்கு அன்று பெருநாள்! ஒரு வியாபாரியின் பில் தொகைக்காக ஊரின் அமைதியைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆகவே கட்டப் பஞ்சாயத்துக்கு எந்த இயக்கமும் ஆள் தரக்கூடாது. எந்த இளைஞனும் போகக்கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

எழுதாததே எல்லா வினைக்கும் காரணம்

பாக்கி எப்போது மூழ்குகிறது? வாடிக்கையாளர் "தரமாட்டேன்" என்று சொல்லும் நாளிலா? இல்லை. நீங்கள் எழுதாமல் சரக்கை ஏற்றிய நாளிலேயே மூழ்கத் தொடங்கிவிட்டது.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? தொழுகை பற்றியதோ நோன்பு பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. 2ஆம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணை குறிப்பிட்ட கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையக்கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்குகிறது. இதை ஓதத் தெரிந்த நாம், ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் லட்சக்கணக்கில் சரக்கு அனுப்புகிறோம். கேட்டால், "நம்பிக்கை" என்கிறோம். நம்பிக்கை இல்லாதவர்கள் எழுதுவது என்று யார் சொன்னது? இருவருக்கும் இடையில் உள்ள நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் எழுதச் சொன்னான் இறைவன்.

என்ன எழுத வேண்டும்? ஆர்டர் வாய்மொழியாக வந்தாலும், "இன்ன சரக்கு, இன்ன விலை, இத்தனை நாள் தவணை" என்று அன்றே ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பி, சம்மதம் என்ற பதிலை வாங்குங்கள். சரக்கு இறங்கும்போது டெலிவரி சலானில் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். லாரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பில்லில் பணம் தரவேண்டிய தேதியை அச்சிடுங்கள். "30 நாள்" என்று மட்டும் போட்டால், எந்த நாளிலிருந்து 30 நாள் என்று சண்டை வரும். தேதியையே போட்டுவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒரு முறையாவது, மார்ச் 31 கணக்கு முடிந்ததும், பேரேட்டு நகலை வாடிக்கையாளருக்கு அனுப்பி, "இந்தத் தேதியில் நான் தரவேண்டிய பாக்கி இவ்வளவு" என்று அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். இந்த ஒரு காகிதத்தின் அருமை பலருக்குத் தெரிவதில்லை.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. தவணை எதுவும் பேசாவிட்டால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்தும் இந்த 3 ஆண்டு ஓடும். கெடு முடிவதற்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். அசலில் ஒரு பகுதியைக் கொடுத்து, அது அவர் கையெழுத்தோடு பதிவானாலும் அப்படியே. "கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் தருகிறேன் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்" என்பது வழக்கில் நிற்காது. வாய்ச்சொல்லுக்குக் கெடுவை நீட்டும் சக்தி கிடையாது. இழுத்தடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் நாம்தான்!

கேட்கும் முறை

தவணை முடிந்து மூன்று மாதம் கழித்துக் கேட்பது வசூல் அல்ல. தவணைக்கு ஐந்து நாள் முன்பே, "இன்ன பில், இன்ன தேதியில் வருகிறது, பில் சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். சரக்கில் குறை இருந்தால் அப்போதே வெளியே வரும். குறை உண்மையானால் சரி செய்து கொடுங்கள். நாள் கடந்த பிறகு, "சரக்கு சரியில்லை" என்ற சாக்கு எழாமல் இருக்க இதுவே வழி.

பெரிய நிறுவனங்களில் வாங்குபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர். நாம் வாங்குபவரிடமே ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருப்போம். கணக்குப் பிரிவில் நமது பில் பதிவாகியே இருக்காது. பில் யார் மேசையில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போடவேண்டும், எந்தக் கிழமையில் பணம் விடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேதி தவறியதும் போன். ஒரு வாரம் போனால் நேரில். இன்னும் ஒரு வாரம் போனால் கடிதம். போனில் அவர் சொன்ன தேதியை, "இன்ன தேதிக்குத் தருவதாகச் சொன்னீர்கள்" என்று அன்றே செய்தியாக அனுப்பி வையுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். குடும்பத்தை இழுக்க வேண்டாம். கல்யாண வீட்டிலும் பள்ளிவாசல் வாசலிலும் வைத்துக் கேட்க வேண்டாம். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கினால், அவர் தரவேண்டியது பணம் என்பதை மறந்து, பழி என்று நினைக்கத் தொடங்குவார்.

சரக்கை நிறுத்தவும் பழகுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் பழையது வந்த பிறகுதான் புதியது. இந்த நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. "இந்த லோடையும் அனுப்புங்கள், சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சில் விழுந்த வியாபாரிகள் எத்தனை பேர்!

சட்டத்தில் நமக்கு உள்ள வழிகள்

கேட்டும் வரவில்லை. இனி என்ன? சட்டம் தரும் வழிகள் பல. அவற்றுக்கு நாள் கெடு உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

செக் கொடுத்து அது பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இருக்கிறது. 1989 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. செக் 3 மாதத்துக்குள் வங்கியில் போடப்பட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 15 நாளுக்குள் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் என்று தண்டனை இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் திருத்தப்படி, வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம். "மறுபடி போடுங்கள், மறுபடி போடுங்கள்" என்று அவர் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்திவிட்டால், இந்த வழி அடைந்துபோகும்.

ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே வியாபாரிக்குச் சாதகமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சரக்கு விலையையும் வரியையும் கொடுக்காதவர், அந்தப் பில்லில் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பாக்கியைக் கொடுத்த பிறகுதான் அந்தச் சலுகையை மீண்டும் பெற முடியும். ஆகவே 150ஆம் நாளில், பில் எண்களையும் 180ஆம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் குறிப்பிட்டு, அவருடைய கணக்கருக்கும் நகல் வைத்து, மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துப் பேர் வாசலில் நின்று செய்ய முடியாததைப் பல இடங்களில் இந்த ஒரு கடிதம் செய்துவிடும்.

சொந்தமாகப் பொருள் தயாரிப்பவர்களுக்கும், கூலிக்குத் தொழில் செய்து கொடுப்பவர்களுக்கும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை, என்ன ஒப்பந்தம் போட்டாலும், 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கில் குறை என்றால் இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வராத பாக்கிக்கு இச்சட்டத்தின் கீழ் உள்ள வசதி மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் போகும் வாங்கியவர், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இதற்கு உத்யம் பதிவு வேண்டும். பதிவு இலவசம். சரக்கு அனுப்பும் முன்பே செய்துகொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொருளை வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் 2021 ஜூலையில் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் அந்த உத்தரவு தந்தது முன்னுரிமைக் கடன் சலுகையை மட்டுமே. 45 நாள் பாதுகாப்பைத் தரவில்லை. உத்யம் சான்றிதழைக் கடையில் மாட்டிவிட்டு, எல்லாம் கிடைத்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். தயாரிப்பவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை வியாபாரிக்கும் தரவேண்டும் என்று கேட்பது வணிகர் சங்கங்களும் நமது மக்கள் பிரதிநிதிகளும் செய்ய வேண்டிய வேலை.

வியாபாரிக்கு வேறு வாசல் இல்லையா? இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத வழக்குகளுக்கு மட்டும் இருந்தது. 2018இல் அந்த வரம்பை 3 லட்சமாகக் குறைத்தார்கள். அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கானால், வழக்குப் போடும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு முயல வேண்டும். அது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. தொகை சிறியதானால் தாலுகா அளவில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டு முடிந்தது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மீது அப்பீல் கிடையாது.

வட்டியைப் பற்றி ஒரு சொல்

"இந்தச் சட்டங்களில் வட்டி வருகிறதே" என்று மார்க்கப் பற்றுள்ள சகோதரர்கள் தயங்குவது நமக்குத் தெரியும். 2006ஆம் ஆண்டின் சட்டம் தாமதமான பணத்துக்குக் கூட்டு வட்டியே விதிக்கிறது என்பது உண்மை. ஆனால் மனுவில் எதைக் கேட்பது என்பது கேட்பவர் கையில் இருக்கிறது. அசலை மட்டும் கேட்டு மனுக் கொடுங்கள். வட்டி வேண்டாம் என்பதற்காக அசலையும் விட்டுவிட எந்த மார்க்கமும் சொல்லவில்லை.

ரொக்க விலைக்கும் தவணை விலைக்கும் வித்தியாசம் வைக்க விரும்புபவர், பேரம் முடியும்போதே ஒரே விலையாக முடிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் நாள் ஏற ஏறத் தொகையை ஏற்றிக்கொண்டே போவது கூடாது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பேசி முடிப்பது எப்படி?

ஒரு முன்மாதிரி நம் கண்முன் இருக்கிறது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்களுக்கே கேட்டுவிட்டது. வெளியே வந்து, திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஅப் அவர்களுக்குச் சைகை செய்தார்கள். கஅப் சம்மதித்தார்கள். உடனே மற்றவரை நோக்கி, எழுந்து மீதியைக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள்.

கவனித்தீர்களா? கொடுத்தவர் இறங்கி வந்தார். அந்த இடத்திலேயே வாங்கியவர் கடமையை முடிக்கப் பணிக்கப்பட்டார். நமது ஊர்களில் நடக்கும் சமரசங்களில் முதல் பாதி மட்டும்தான் நடக்கிறது. "விட்டுக் கொடுங்கள் பாய்" என்று கொடுத்தவரை எல்லோரும் நெருக்குவார்கள். அவர் விட்டுக்கொடுத்ததும் மீதிக்கு மறுபடியும் ஆறு மாதத் தவணை! தள்ளுபடி என்றால் அன்றே ரொக்கம், அல்லது தேதி போட்ட செக்குகள் என்று இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஊரிலும் ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் சேர்ந்து, கணக்குத் தெரிந்த இருவர், ஒரு வழக்கறிஞர், ஓர் ஆலிம் கொண்ட சமரசக் குழு ஒன்றை அமைக்கலாமே! இரு தரப்பும் விரும்பி வரவேண்டும். ஏடுகளைப் பார்த்துப் பேச வேண்டும். முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். வர விருப்பமில்லாதவரை இழுத்து வரக்கூடாது. வசூலில் பங்கு கேட்கக்கூடாது. இதுதான் சமரசத்துக்கும் கட்டப் பஞ்சாயத்துக்கும் உள்ள வேறுபாடு.

இளைஞர்களே! ஆள் பலம் காட்டப் போகாமல், உங்கள் படிப்பைக் கொண்டு உதவுங்கள். உங்கள் தெருவில் உள்ள வயதான வியாபாரிக்குக் கணினியில் பேரேடு போட்டுக் கொடுங்கள். பில்லின் தேதிகளைக் குறித்துக் கொடுங்கள். நோட்டீஸ் கெடு தவறாமல் நினைவூட்டுங்கள். சட்டம் படிப்பவர்கள் மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லுங்கள்.

நாம் தரவேண்டியது?

இறுதியாக, வியாபாரச் சகோதரர்களே! உங்களுக்கு வரவேண்டியதைப் பற்றி இவ்வளவு பேசினோம். நீங்கள் தரவேண்டியது என்ன ஆயிற்று? உங்கள் பேரேட்டின் மறுபக்கத்தைப் புரட்டுங்கள். கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர், மூட்டை தூக்கியவர், அட்டைப்பெட்டி செய்து கொடுத்த சிறு தொழிலாளி ஆகியோருடைய பாக்கி அங்கே நிற்கிறதா? "எனக்கு வரட்டும், தருகிறேன்" என்று அவரிடம் சொல்கிறீர்களா? பணம் கல்லாவில் இருக்கும்போதே அப்படிச் சொன்னால், நபிமொழி அநியாயம் என்று அழைத்தது உங்கள் செயலையும்தான்.

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள். அந்தச் செய்தியை ஜும்ஆவில் கேட்டுக் கண் கலங்கும் நாம், திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் மறந்துவிடலாமா?

இன்றிரவே பேரேட்டை எடுத்து உட்காருங்கள். ஒரு பக்கம் வரவேண்டியது, மறுபக்கம் தரவேண்டியது என்று பட்டியல் போடுங்கள். 3 ஆண்டை நெருங்கும் பாக்கிகளுக்குச் சிவப்பு மையால் குறியிடுங்கள். நாளைக் காலையில் முதல் வேலையாக, தரவேண்டிய ஒரு சிறு தொகையையாவது கொடுத்து முடியுங்கள். பிறகு போனை எடுத்து, வரவேண்டியதைத் தலை நிமிர்ந்து கேளுங்கள்!